ஓர் எண்ணும் ஒன்பது இரவுகளும்

“ஒரே ஓர் எண்ணை மாற்றுவதற்கு ஒன்பது ராத்திரியா? நவராத்திரி நாளைக்குத்தானே ஆரம்பம், உனக்கு மட்டும் இன்றைக்கே முடிந்துவிட்டதா?” என்று கேட்டார் என் தாயார்.

2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் தேதி, மஹாளய அமாவாசையன்று சாயங்காலம். அம்மா கொலுப் படிகளைச் சரி செய்துகொண்டிருந்தார். நான் கீழே உட்கார்ந்து பொம்மைகளைத் துடைத்துக் கொடுத்தபடி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு முந்தின ஒன்பது இரவுகளில் ஒன்றிலாவது நான் இரண்டு மணிக்கு முன்னால் படுத்ததில்லை.

அம்மாவின் கேள்வி நியாயமானதுதான். பதில் சொல்ல அன்று எனக்குத் தெம்பில்லை. ஆகையால் உங்களிடம் சொல்கிறேன். நேயர்களே, உங்கள் வீட்டிலும் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கும் ஒரு மகளோ மருமகளோ இருக்கக்கூடும். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்காரும்போது டெலிபோன் மணி அடிக்கும். உடனே எழுந்து போய்விடுவாள். ‘அப்படி என்ன தலை போகிற வேலையோ!’ என்று நீங்கள் முணுமுணுத்திருப்பீர்கள். அல்லது அந்த மகளே இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். இருவருக்குமாகத்தான் எழுதுகிறேன்.

நான் சென்னையில் ஒரு சிறிய ஸாப்ட்வேர் ஆபீஸில் புரோகிராம் எழுதுகிறவள். கடைகளுக்கு பில் போடும் புரோகிராம்கள் எங்களுடைய பிழைப்பு. மேற்படி விஷயம் ரெடிமேட் உடைகளுக்கு உள்ள ஜி.எஸ்.டி. வரியைப் பற்றியது. 2017 ஜூலை 1-ஆம் தேதி இந்த வரி அமலுக்கு வந்தபோது, ஓர் உடையின் விலை 1000 ரூபாய் வரை இருந்தால் 5 சதவிகிதம், அதைத் தாண்டினால் 12 சதவிகிதம் என்று விதி. 2025 செப்டம்பர் 3-ஆம் தேதி கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் இதை மாற்றியது. 2500 ரூபாய் வரை 5 சதவிகிதம். அதற்கு மேல் 18. செப்டம்பர் 22-ஆம் தேதி காலையில் கடை திறக்கும்போது பில் புது விதிப்படி வந்தாக வேண்டும். தீபாவளி வியாபாரம் சூடு பிடிக்கிற சமயம் வேறு.

ஆயிரத்தை இரண்டாயிரத்து ஐந்நூறாக்க வேண்டும்; பன்னிரண்டைப் பதினெட்டாக்க வேண்டும். அவ்வளவுதானே? நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

எங்கள் பழைய புரோகிராமில் ‘12’ என்று தேடினேன். வருஷத்துக்கு மாதம் 12 என்று ஓரிடம். 12 வயதுக் குழந்தையின் சட்டை அளவு என்று ஓரிடம். கைக்குட்டை டஜனுக்கு 12 என்று மற்றோரிடம். இவற்றில் எதையாவது 18 ஆக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்! இது போகட்டும், உண்மையில் வரியைக் குறிக்கும் இடங்கள் 12 என்ற வேஷத்திலேயே இல்லை. பில்லில் மத்திய அரசுக்கு 6, மாநில அரசுக்கு 6 என்று பிரித்துப் போட வேண்டுமல்லவா? அங்கே இரண்டு ஆறுகளாக ஒளிந்துகொண்டிருந்தது. வரி சேர்ந்த விலையிலிருந்து வரியைப் பிரிக்கும் இடத்தில் 112 ஆகியிருந்தது. இன்னோரிடத்தில் 0.12. ஆயிரமோ, வரிக்கு எல்லையாகவும் இருந்தது. ஆயிரம் ரூபாய்க்குத் துணி வாங்கினால் ஒரு பை இனாம் என்ற திட்டத்துக்கும் இருந்தது. பில், திரும்பி வரும் சரக்கு, விலைச் சீட்டு, அன்றாடக் கணக்கு, மாதக் கணக்கு, விற்பனைப் பையன்களின் கமிஷன் என்று மொத்தம் 31 இடங்கள். ஒன்பதாம் நாள் ராத்திரிதான் 31-ஆவது இடம் அகப்பட்டது.

அந்தப் புரோகிராமை எழுதிய மகானுபாவர் யார் என்று கேட்கிறீர்களா? 2017 ஜூனில், மூன்றே வாரத்தில், அவசர அவசரமாக அதை எழுதியது சாக்ஷாத் அடியேன்தான்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். அந்தப் புரோகிராம் எட்டு வருஷம் தப்பில்லாமல் ஓடியது. ஒரு பில்லிலாவது ஒரு பைசா பிசகியதில்லை. கடை முதலாளி போகிற இடமெல்லாம் என்னைப் புகழ்ந்தார். அமைப்பு கெட்டிருந்தது என்பது ஓடும்போது தெரியவில்லை. மாற்றப் போனபோதுதான் தெரிந்தது. இந்தத் தொழிலில் நல்ல அமைப்பைக் கற்றுக்கொள்வது ஏன் இத்தனை கஷ்டம் என்பதற்குக் காரணமே இதுதான். குழம்பில் உப்புக் கூடிவிட்டால் அன்றைக்கே சாப்பாட்டில் தெரிந்துவிடுகிறது. மறு நாள் கை தானாகத் திருந்துகிறது. புரோகிராமில் உப்புக் கூடியது எட்டு வருஷம் கழித்துத் தெரிகிறது. அதற்குள் எழுதியவர் எத்தனையோ உத்தியோகம் மாறியிருப்பார். தம் தப்பை அவர் பார்ப்பதே இல்லை. வேறு யாரோ ஒரு பெண் ராத்திரி கண் விழிக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆபீஸ் மாறிச் சம்பளம் உயர்த்திக்கொள்ளும் கெட்டிக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த ஒரு படிப்பு அவர்களுக்குக் கிடைக்காமலே போகிறது.

நான் எப்படி விழித்துக்கொண்டேன் என்று சொல்கிறேன். 2025-க்கு முன்னாலேயே சின்னச் சின்ன அடிகள் விழுந்திருந்தன. 2018-இல் அந்தக் கடைக்காரர், “தள்ளுபடி போக மிச்சமுள்ள விலைக்குத்தானே வரி? விலைச் சீட்டில் மட்டும் வேறு மாதிரி வருகிறதே” என்றார். அதைச் சரி செய்ய நான்கு நாள் ஆயிற்று. எங்கள் ஆபீஸில் மூத்தவர் ஒருவர் உண்டு. எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் என் அவஸ்தையைப் பார்த்துவிட்டு, அச்சடித்த சில தாள்களைக் கொண்டுவந்து மேஜை மேல் போட்டார்.

“இது 1972-ஆம் வருஷத்துச் சரக்கு போலிருக்கிறதே, அக்கா!”

“புளி பழசானால் கெட்டா போய்விடும்? படித்துப் பாரம்மா.”

டேவிட் பார்னஸ் என்ற பேராசிரியர், அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக் கழகத்தில் இருந்தபோது எழுதிய கட்டுரை அது. 1972 டிசம்பரில் வெளியாயிற்று. பெரிய புரோகிராமைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுத வேண்டும் என்பது அப்போதே எல்லோருக்கும் தெரியும். எந்த இடத்தில் கத்தி வைப்பது என்பதுதான் கேள்வி. அதற்கு அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் வெகு சாதாரணமானது: புத்தகத்தின் பின்னால் போடுகிறார்களே, அந்த அகராதி வரிசைப் பட்டியல்.

நம் வழக்கப்படி சமையல் புத்தகத்தையே வைத்துக்கொள்வோம். ‘வெங்காய வற்றல் குழம்பு’ என்று ஒரு தலைப்பு. முதல் சொல்லைக் கடைசிக்குத் தள்ளினால் ‘வற்றல் குழம்பு வெங்காய’. மறுபடி தள்ளினால் ‘குழம்பு வெங்காய வற்றல்’. எல்லாத் தலைப்புகளையும் இப்படிச் சுழற்றி, அகர வரிசையில் அடுக்கிவிட்டால், வற்றல் என்று தேடுகிறவளுக்கும் கிடைக்கும். குழம்பு என்று தேடுகிறவளுக்கும் கிடைக்கும்.

இதை எழுதச் சொன்னால் நாம் எல்லோரும் என்ன செய்வோம்? வேலை நடக்கும் வரிசைப்படி வெட்டுவோம். முதலில் படிக்கும் பகுதி, அப்புறம் சுழற்றும் பகுதி, அடுக்கும் பகுதி, அச்சடிக்கும் பகுதி. பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். பார்னஸும் முதலில் அப்படித்தான் வெட்டிக் காட்டுகிறார். பிறகு ஒரு கேள்வி போடுகிறார்: தலைப்புகளை ஞாபகத்தில் வைத்திருக்கும் முறையை நாளைக்கு மாற்ற வேண்டியிருந்தால்? அப்போது நான்கு பகுதிகளிலுமே கை வைக்க வேண்டும். ஏனென்றால் சரக்கு எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்ற ரகசியம் நான்கு பேருக்கும் தெரியும். நான்கு பேரும் நேராகப் பரணில் ஏறி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகையால் அவர் வேறு மாதிரி வெட்டினார். எவையெவை பின்னால் மாறக்கூடிய முடிவுகள், எவையெவை சிக்கலான முடிவுகள் என்று முதலில் ஒரு ஜாபிதா போடு. ஜாபிதாவில் உள்ள ஒவ்வொரு முடிவையும் ஒரு பகுதிக்குள் வைத்துப் பூட்டு. மற்றவர்கள் கதவைத் தட்டிக் கேட்கலாம். உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. தலைப்புகளை வைத்திருப்பதற்கென்றே ஒரு பகுதி. ‘மூன்றாம் தலைப்பில் இரண்டாம் சொல்லைக் கொடு’ என்றால் கொடுக்கும். அது எப்படி வைத்திருக்கிறது என்பது அதன் சொந்த விஷயம்.

இதைப் படித்தபோது எனக்கு முகத்தில் யாரோ தண்ணீர் தெளித்தாற்போல் இருந்தது. வரி என்ன என்ற ரகசியத்தை 31 பேர் காதில் நான் ஓதி வைத்திருந்தேனே!

‘இப்படிப் பூட்டி வைத்தால் உண்மையில் பலன் உண்டா?’ என்று கேட்பீர்களானால், யூனிக்ஸைச் சொல்வேன். 1969-இல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச் சாலையில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கத் தொடங்கிய அமைப்பு அது. அதில் கோப்புகளைக் கையாள முக்கியமாக ஐந்தே கட்டளைகள்: திற, படி, எழுது, இடம் மாறு, மூடு. அன்று தகவலை வைத்திருந்த சுழலும் காந்தத் தட்டுகள் போய், இன்று நகக்கண் அளவுச் சில்லுகள் வந்துவிட்டன. உள்ளே இருக்கும் வேலை முழுவதும் புரண்டுவிட்டது. வெளியே அந்த ஐந்து கட்டளைகளும் இன்றும் அதே ஐந்துதான். கதவு சின்னது, வீடு பெரிது.

சகோதரிகளுக்காக ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பார்பரா லிஸ்கோவ் 1961-இல் பெர்க்லியில் கணிதப் பட்டம் பெற்றவர். மேற்படிப்புக்கு பிரின்ஸ்டனுக்கு விண்ணப்பம் போட்டார். பெண்களைச் சேர்ப்பதில்லை என்று பதில் வந்தது. சரி, கொஞ்ச நாள் உத்தியோகம் பார்ப்போம் என்று மைட்டர் என்ற நிறுவனத்தில் சேர்ந்தார். புரோகிராம் என்பதை அங்கே வேலையோடு வேலையாகத்தான் கற்றார். பிறகு ஸ்டான்போர்டில் படித்து 1968-இல் டாக்டர் பட்டம் வாங்கினார். மறுபடி மைட்டருக்கே வந்தார். அங்கே ஒரு சிறிய கம்ப்யூட்டருக்கு, பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்தும்படி, வீனஸ் என்ற அமைப்பைக் கட்டினார். கையால் கட்டிப் பார்த்ததன் பிறகுதான், எதனால் அது ஒழுங்காக வந்தது என்று பின்னோக்கி யோசித்து எழுதினார். 1972-இல் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியையானார். அங்கே சீடர்களுடன் க்ளு என்ற கம்ப்யூட்டர் பாஷையை உண்டாக்கினார். சரக்கையும் சரக்கைத் தொடும் கைகளையும் ஒரே பெட்டிக்குள் வைத்து, வேறு கை உள்ளே போகாதபடி பாஷையே காவல் காக்கும் ஏற்பாடு அது. இன்று புழக்கத்தில் உள்ள பல பாஷைகளில் அந்தச் சாயல் உண்டு. 2008-ஆம் ஆண்டுக்கான டியூரிங் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. கம்ப்யூட்டர் துறைக்கு அதற்கு மேல் ஒரு பரிசு கிடையாது.

முதலில் கட்டினார், அப்புறம் திரும்பிப் பார்த்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கட்டாமல் கற்றவர்கள் என்ன ஆவார்கள் என்பதற்கும் என்னிடமே உதாரணம் இருக்கிறது.

பார்னஸைப் படித்த ஜோரில், 2019-இல் ஒரு பாத்திரக் கடைக்குப் புரோகிராம் எழுதினேன். எது மாறினால் என்ன, எல்லாவற்றுக்கும் தயார்! வரி மாறலாம், நாணயம் மாறலாம், பில்லின் பாஷை மாறலாம், ஏன், வாரத்துக்கு எட்டு நாள் ஆனாலும் ஆகலாம் என்கிற கணக்கில் 140 திருகாணிகள் வைத்தேன். கடையில் கணக்கு எழுதும் பெரியவர் தினந்தோறும் டெலிபோன் செய்து, “அம்மா, எதைத் திருகினால் ஒரு குடத்துக்கு பில் வரும்?” என்று கேட்டார். ஆறு வருஷத்தில் அந்த 140-இல் மாறியவை ஏழோ எட்டோதான். முதல் தடவை பயந்து பயந்து சிக்கனமாகக் கட்டுகிறவர், இரண்டாம் தடவை தமக்குத் தெரிந்த ஜோடனையெல்லாம் சேர்த்துக் கெடுத்துவிடுவார் என்று பிரெட் புரூக்ஸ் என்பவர் 1975-இல் வெளியிட்ட புத்தகத்திலேயே எச்சரித்திருக்கிறார். அந்தப் புத்தகமும் அக்காவின் அலமாரியில்தான் இருந்தது. குடத்துக்கு பில் வந்த பிறகுதான் எடுத்துக் கொடுத்தார்!

அதற்குப் பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கினேன். கடைக்காரர்கள் மாற்றம் கேட்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு வரி: தேதி, என்ன கேட்டார், எத்தனை இடத்தில் கை வைத்தேன். வேறொன்றும் இல்லை. ஆறு மாதம் எழுதிவிட்டுப் படித்தால், ஜோசியம் பார்க்கிற மாதிரி இருக்கும். கடைகளில் அடிக்கடி மாறுவது வரி, தள்ளுபடி, பில்லின் தோற்றம். மாறாதது சரக்கு, விலை, வாடிக்கைக்காரர் என்ற சங்கதிகள். எதைப் பூட்டுவது, எதைச் சும்மா விடுவது என்று எந்தப் புத்தகத்தையும்விட இந்த நோட்டு எனக்குத் தெளிவாகச் சொல்லிற்று. வீட்டுச் செலவுக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு இதன் சுவை தெரியும்.

இன்னொன்றும் உண்டு. ஸ்டான்போர்டில் ஜான் ஔஸ்டர்ஹௌட் என்ற பேராசிரியர் நல்ல அமைப்பைக் கற்பிக்க ஒரு வகுப்பு நடத்தினார். அந்த அனுபவத்தை வைத்து 2018-இல் புத்தகமும் வெளியிட்டார். நம் பள்ளிக்கூடத்துக் கட்டுரை நோட்டைப் போன்றது அந்த வகுப்பு. மாணவர்கள் ஒரு புரோகிராமை எழுத வேண்டும். ஆசிரியர் வரி வரியாகப் படித்துக் குறை சொல்வார். மறுபடி எழுத வேண்டும். புதிதாக வேறொன்று எழுதுவதல்ல, முன்பு எழுதியதையே. ஆபீஸில் இதற்கு யார் நேரம் தருவார்கள் என்கிறீர்களா? தர மாட்டார்கள். நான் வெள்ளிக்கிழமைகளில் சாப்பாட்டு வேளையில் பாதியைத் திருடிக்கொள்வேன். போன மாதம் எழுதியதில் ஒரு பக்கத்தை அக்காவிடம் கொடுப்பேன். அவர் படிக்கும்போது எந்த இடத்தில் புருவத்தைச் சுளிக்கிறார் என்று மட்டும் பார்ப்பேன். அவர் கேள்வி கேட்டு, நான் வாயால் விளக்கம் சொல்லும்படி ஆனால், அந்த இடம் தேறவில்லை என்று அர்த்தம்.

இப்படியெல்லாம் தேர்ந்து, 2021-இல் வேறொரு துணிக்கடைக்கு எழுதினேன். அதில் வரிக்கென்று ஒரே ஒரு பகுதி. ‘இந்தப் பொருள், தள்ளுபடி போக இந்த விலை, வரி எவ்வளவு?’ என்று கேட்டால் பதில் சொல்லும். பன்னிரண்டோ ஆயிரமோ அந்தப் பூட்டுக்கு வெளியே எங்கும் கிடையாது. 2025 செப்டம்பரில் அந்தக் கடைக்கு மாற்றம் செய்ய எனக்கு ஆனது, சரிபார்த்தது உள்பட, அரை மணி நேரம். பழைய கடைக்கு ஒன்பது இரவுகள்!

கொலுவைக்கும் சாயங்காலம் இதை நினைத்துக்கொண்டு கொஞ்சம் கர்வப்பட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கர்வம் மூன்று நாள்தான் தாங்கியது.

24-ஆம் தேதி மத்தியானம், அரை மணி வேலை செய்தேனே, அந்தக் கடையிலிருந்து டெலிபோன். ஓர் அம்மாள் தம் பெண்ணுக்கு 20-ஆம் தேதி ஒரு பாவாடை சட்டை வாங்கியிருந்தார். விலை 1500 ரூபாய். பழைய வரி 12 சதவிகிதம், அதாவது 180 ரூபாய். ஆகமொத்தம் 1680 கொடுத்திருந்தார். அளவு சரியில்லை என்று திருப்பித் தர வந்தார். என்னுடைய அருமையான வரிப் பகுதியோ, ‘1500 ரூபாயா? 5 சதவிகிதம்’ என்று சொல்லிவிட்டது. புரோகிராம் 1575 ரூபாய்தான் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. “என் 105 ரூபாய் எங்கே ஐயா?” என்று அந்த அம்மாள் பில்லை நீட்டிக் கேட்டபோது, கடைப் பையன் திருதிருவென்று விழித்திருக்கிறான்.

அவர் கேட்டது முழுக்க நியாயம். வாங்கிய நாளில் என்ன வரியோ அந்த வரியைத்தான் திருப்ப வேண்டும். எண்ணைப் பூட்டி வைத்த நான், கேட்கும் கேள்வியிலேயே ஒரு சொல்லை விட்டுவிட்டேன்: எந்தத் தேதியில்? சட்டம் என்றால் அதற்கு ஒரு தேதி உண்டு என்பது, 2017-இல் அடிபட்டவளுக்கு 2021-இல் தோன்றியிருக்க வேண்டாமா? உள்ளே என்ன இருக்கிறது என்பதை மறைத்தால் போதாது. வெளியிலிருந்து கேட்கும் கேள்வி சரியாக இருக்க வேண்டும். உள்ளே இருப்பதை அரை மணியில் மாற்றிவிடலாம். கேள்வியை மாற்றினால் கேட்கிறவர்கள் அத்தனை பேரையும் தேடிப் போக வேண்டும்.

நல்ல வேளையாகக் கேட்கிறவர்கள் நான்கே பேர். அன்று சாயங்காலத்துக்குள் நான்கு இடத்திலும் தேதியைச் சேர்த்துவிட்டேன். இரண்டு மணி நேரம் பிடித்தது. அந்த அம்மாளுக்கு 105 ரூபாய் போய்ச் சேர்ந்தது. ராத்திரி நோட்டில் எழுதினேன்: ‘24-9-2025. தேதி கேட்க மறந்தேன். நான்கு இடம்.’

அக்கா அந்த வரியைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, “பழைய கடைப் புரோகிராமைத் திருத்தி எழுத வேண்டும். நீயும் இவளோடு உட்கார்ந்துகொள். 31 இடத்தையும் ஒன்று விடாமல் காட்டச் சொல்” என்றார். வெள்ளிக்கிழமைதோறும் உட்காருகிறோம். வரி ஒரு பூட்டுக்குள் வந்துவிட்டது. தள்ளுபடி இன்னும் பத்தொன்பது இடத்தில் சிதறிக் கிடக்கிறது. அந்தப் பெண் முதல் நாளே, “ஏன் அக்கா, இதை யார் இப்படி எழுதினார்கள்?” என்று கேட்டாள்.

சொல்லிவிட்டேன். பிறகு அவளுக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தேன்.

முந்தாநாள் பழைய கடை முதலாளி டெலிபோன் செய்தார். விலைச் சீட்டு அடிக்கும் யந்திரத்தில், கிடங்கின் கோடியில் இருக்கிற ஒன்றில் மட்டும், இன்னமும் 12 சதவிகிதம் என்று வருகிறதாம். ஆக, 32 இடம்.